அரைப்பேரும் முழுப்பெயரும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனியான ஒரு பொருள் உண்டு. ஒருவர் ஒரு நாள் வேலை செய்ததற்குச் செக்ரோலில் விழும் பதிவே அங்கே ‘பேர்’ எனப்படும். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. “இந்த மாதம் எத்தனை பேர்?” என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், எத்தனை நாட்கூலி என்று அர்த்தம். பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை; ஏனையோருக்காகவே எழுதுகிறோம். பெயர் என்பது கூலிக் கணக்கோடு இவ்வாறு ஒட்டிக் கிடந்த மண்ணில், பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் சூட்டுவது என்பது சிறிய விஷயமாக இருந்திருக்க முடியாதன்றோ?

ஊவாவின் மலைகளில் முதலில் கோப்பிக்கும், 1869இல் கோப்பி இலைநோய் தொடங்கிய பின்னர் படிப்படியாகத் தேயிலைக்கும் உழைக்க வந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளின் கிராமத்து மக்கள். அவர்கள் கையோடு கொண்டுவந்த சொத்து மிகக் குறைவு. குலதெய்வம் அதில் ஒன்று. லயத்தின் ஓரத்திலும் தேயிலை மலையின் உச்சியிலும் முனியாண்டியும் கருப்பண்ணசாமியும் மாரியம்மனும் கல்லாக நின்று காத்தனர். காத்த தெய்வத்தின் பெயரே பிள்ளைக்கும் வந்தது. கருப்பையா, முனியாண்டி, மாரிமுத்து, வீரம்மா, காளியம்மா, ராமாயி, பெருமாயி என்று அப்பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. பாட்டன் பெயர் மகனின் மகனுக்கு வரும். ‘பெயரன்’ என்பதுதானே ‘பேரன்’ ஆயிற்று! இரண்டு மூன்று பிள்ளைகள் தங்காமற்போன வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பம்மா என்றும் பெயரிட்டார்கள். வேண்டாத பொருளென்று எண்ணி யமன் விட்டுவிடுவான் என்பது தாயின் கணக்கு. இன்று குப்பம்மா என்றால் வகுப்பிலே சிரிப்பு எழுகிறது. தொட்டிலில் முன்பு கிடந்தவற்றைப் பறிகொடுத்த ஒருத்தி வைத்த பெயர் அது என்பது சிரிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது; யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

அதே தோட்டத்தில் பெரிய கங்காணியின் வீட்டிலும் கணக்கப்பிள்ளையின் வீட்டிலும் வேறு வகைப் பெயர்கள் வழங்கின. நடராஜா, சுப்பிரமணியம், பாலகிருஷ்ணன், மீனாட்சி, சிவகாமி, இராஜேஸ்வரி என்பன அவை. இவையும் தெய்வப் பெயர்களே. ஆனால் கோபுரமுள்ள கோயிலின் தெய்வம் வேறு, மரத்தடித் தெய்வம் வேறு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் சாதி போட்டிருந்த வேலி, இங்கே உத்தியோக வேலியோடு பின்னிக்கொண்டது. பெயரின் முடிவிலும் வேற்றுமை இருந்தது. ‘பிள்ளை’, ‘ஐயா’, ‘சாமி’ என்று முடிந்தால் மரியாதை. ‘ன்’ என்று முடிந்தால் அதட்டுவதற்கு வசதி. தாய் வைத்த கருப்பையா பிரட்டுக்களத்திலே கருப்பன் ஆனதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. கூலிக்காரருக்கு இதெல்லாம் பெரிதாகத் தோன்றியிராது என்று எண்ணுவோர் உண்டு. தோன்றாமல் இருந்திருந்தால், அவர்கள் தம் பிள்ளைகளின் பெயரை இத்தனை வேகமாக மாற்றியிருக்க மாட்டார்கள் என்பது நமது கருத்து.

தேயிலைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமங்களிலும் இத்தகைய கதை உண்டு. ஊவா, பழைய கண்டி இராச்சியத்தின் பகுதி. அங்கே ஆணின் பெயர் ‘பண்டா’ என்றும் பெண்ணின் பெயர் ‘மெனிக்கே’ என்றும் முடிந்தால் உயர்ந்த குடி என்று கொள்ளப்பட்டது. காலப்போக்கில் பலரும் அவற்றை எடுத்துக்கொண்டார்கள்; எடுத்துக்கொண்ட பின் மதிப்பும் இறங்கியது. இன்று நகரத்துச் சிங்களத் தாய் தன் மகனுக்குப் பண்டா என்று பெயரிடுவது அரிது.

தோட்டங்களில் முதல் மாற்றம் அரசியலோடு வந்தது எனலாம். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது பதுளைக்கும் வந்தார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. காந்தி, ஜவகர், போஸ் முதலிய பெயர்கள் லயத்துத் தொட்டில்களிலும் ஒலித்தன. அதன்பின் தமிழகத்துத் திராவிட இயக்கத்தின் காற்று வீசிற்று. நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் மாறியது அக்கரையில் நடந்தது. இக்கரையில் அதைக் கேட்ட இளைஞர் தம் பிள்ளைகளுக்கு இளங்கோ, தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, மணிமேகலை என்று சூட்டினர். இந்தப் பெயர்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கணக்கப்பிள்ளை வீட்டுப் பெயரைப் பார்த்து எடுத்தவை அல்ல இவை. அந்த ஏணியையே வேண்டாமென்று தள்ளிவிட்டு வந்தவை. நமக்கு இவற்றின்மீது கொஞ்சம் பட்சபாதம் உண்டு என்பதை மறைப்பானேன்?

பிறகு வானொலி வந்தது. பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வாசிக்கப்பட்டன. காதால் கேட்ட பெயர், அடுத்த மாதம் தோட்டத்திலே பிறந்த குழந்தைக்கு வந்து சேரும். சினிமாவின் பங்கைச் சொல்லவே வேண்டாம்.

இப்போதைய மோஸ்தர் ‘ஷ’கரத்தின் ஆட்சி. டிலுக்ஷன், சதுர்ஷன், தர்ஷினி, நிரோஷா, யதுர்ஷிகா என்று தமிழ் நெடுங்கணக்கிலே இல்லாத எழுத்துக்களைத் தேடிப் பிடித்து வைக்கிறார்கள். இடையிலே எண்சாத்திரக்காரர் புகுந்து ஓர் எழுத்தைக் கூட்டுவார், அல்லது குறைப்பார். இப்பெயர்கள் முதலில் நகரத்து ஆசிரியர், வியாபாரி, எழுதுவினைஞர் வீடுகளிலேதான் மிகுதியாகக் கேட்டன. பதுளைக் கடைவீதியிலிருந்து பசறை வீதி வழியாக மலையேறி, லயத்துப் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைய அதிக காலம் பிடிக்கவில்லை. லயத்துக்கு வந்ததும் நகரத்தார் என்ன செய்கிறார்கள்? அவர்களிற் படித்தவர்கள் நிலா, ஆதிரை, யாழினி, மாறன் என்று பழந்தமிழின் பக்கம் திரும்புகிறார்கள். ஏறி வந்தவனுக்குப் படி ஒன்று உயர்ந்துவிடுகிறது!

ஸ்டான்லி லீபர்சன் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 2000ஆம் ஆண்டில் பெயர்களின் மோஸ்தரைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். புடவைக்கும் காலணிக்கும் விளம்பரம் செய்ய வியாபாரி இருக்கிறான். பெயரை விற்பவன் எவனும் இல்லை. அப்படியிருந்தும் அதிலே மோஸ்தர் மாறிக்கொண்டேயிருக்கிறது என்பது அவர் கவனித்த விந்தை. தோட்டத்தைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிலம் இல்லை, வீடு சொந்தமில்லை, கூலியை உயர்த்தச் சங்கமும் சர்க்காரும் கம்பெனியும் கூடவேண்டும். தாய் தகப்பன் யாரையும் கேளாமல், ஒரு காசு செலவின்றி, தம் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய உயர்வு பெயர் ஒன்றுதான். ஆகையால் ‘லயத்துப் பிள்ளைக்கு இந்தப் பெயர் எதற்கு?’ என்று கேலி பேசுவோரோடு நாம் சேரமாட்டோம்.

அந்த ஆசைக்கு நியாயமும் இருக்கிறது. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒத்த தகுதிகள்; பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் தாங்கியவை சுமார் பத்து அனுப்பினால் ஓர் அழைப்பு வந்தது. கறுப்பர் பெயர் தாங்கியவை பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. நம் நாட்டில் பெயரைக் கண்டு இனம், ஊர், குலம் எல்லாவற்றையும் கணிக்கும் வித்தையை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. 1983 ஜூலைக் கலவரம் பதுளை நகரையும் எரித்தது. சிங்களச் செவிக்கும் அந்நியமாகப் படாத டிலானி, ரொஷான் போன்ற பெயர்களை ஒரு தாய் விரும்பினால், அதை வெறும் நாகரிக மோகம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

எனினும் புதுப் பெயர் வைத்தவர்கள் ஒன்றை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தமிழர் வழக்கில் தகப்பன் பெயரின் முதலெழுத்துப் பிள்ளையின் பெயருக்கு முன்னே நிற்கிறது. எம். டிலுக்ஷன் என்று எழுதும்வரை தொல்லையில்லை. ‘முழுப்பெயர்’ என்று விண்ணப்பப் படிவம் கேட்கும்போது முனியாண்டி டிலுக்ஷன் என்று விரிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வரியிலே லயமும் நகரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன! அந்த இடத்தில் பேனாவைத் தயங்கவிடும் மாணவர்கள் உண்டு. வகுப்பிலே தகப்பன் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லும் சிறுமிகளும் உண்டு. அவர்களை நாம் குறைகூறவில்லை. அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கிறோம். ஆசிரியர்கள் இடாப்பு வாசிக்கும்போது டிலுக்ஷனையும் முனியாண்டியையும் ஒரே குரலில் வாசிப்பார்களானால் பாதி வேலை முடிந்துவிடும். இன்னும் ஒரு தலைமுறை சென்றால் இந்தத் தகராறும் இராது. டிலுக்ஷனின் மகனுக்கு முன்னெழுத்து ‘டி’ ஆகிவிடும். முனியாண்டி எந்தப் பத்திரத்திலும் இருக்கமாட்டார்.

பத்திரம் என்றதும் நினைவுக்கு வருவது பிரஜாவுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதன்பின் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழும் குடும்பம் குடும்பமாக மனுப் போட்டார்கள். எந்த மண்ணில் இருப்பது என்பதையே காகிதம் தீர்மானித்த காலம் அது. ஒரு காகிதத்தில் கருப்பையா, மற்றொன்றில் கருப்பன் என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று நிலைநாட்டும் சுமை எழுதப் படிக்கத் தெரியாத ஏழையின் தலையில் விழுந்தது. பிரட்டுக்களத்தில் பெயரின் முடிவை நறுக்கியதன் விலை அங்கேதான் தெரிந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றிருந்தோருக்கு வழிவிட்டது என்பது உண்மை. பெயர்ப் பிழைகளோ அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

ஆகவே தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் நமது யோசனை ஒன்றுண்டு. பெயர் பழையதோ புதியதோ, அது உங்கள் இஷ்டம். பதிவாளரிடம் போகுமுன் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘க்ஷ’வும் ‘ர்ஷ’வும் கூடிய பெயரானால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ‘ழ’ வரும் பெயரானால் சிங்களத்தில் அதற்கு எழுத்தில்லை. யாழினி யாலினி ஆவாள். எழுதியதை வாங்கி, தெரிந்த ஒருவரைக்கொண்டு உரக்க வாசித்துக் கேட்டபின் கையொப்பமிடுங்கள். அங்கே எப்படி எழுதப்பட்டதோ அதையே பள்ளிக்கூடத்திலும், பிற்பாடு அடையாள அட்டைக்கும் எழுதுங்கள். தகப்பன் பெயரையும் அவ்வாறே, முழுமையாக.