குழியும் பட்டாவும்

ராஜகுளம் பக்கம் கிராவல் வெட்டின குழியில் இறங்கிப் பாருங்கள். மேலே செம்மண், கேழ்வரகும் வேர்க்கடலையும் விளைகிற மண். அதன் கீழே களி கலந்த சரளை. களி கல்லைப் பிடித்து இறுக்கும், ரோட்டுக்காரருக்கு வேண்டியது அதுதான். இன்னும் கீழே உக்கின பாறை, பிறகு சார்னகைட் கருங்கல். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரனின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் ஹாலண்ட் வைத்த பேர். பேர்கூட நம்முடையதில்லை.) நம்ம கிணற்றுத் தண்ணீர் நிற்பது அந்த உக்கின பாறையில்தான். குழி அதுவரைக்கும் இறங்கினால் சுற்றுக் கிணற்று நீரெல்லாம் குழிக்கு வடிந்துவிடும்.

நான் வங்கியில் பயிர்க்கடன் மனு பார்க்கிறவன். சிட்டா இருக்கா, அடங்கல் இருக்கா என்று கேட்போம். மேல்மண் இருக்கா என்று கேட்க மனுவில் இடமே கிடையாது.

உத்திரமேரூர்க் குடவோலையை ஜனநாயகம் என்று கொண்டாடுகிறார்கள். கால் வேலிக்கு மேல் இறை நிலம் உள்ளவன் பேர்தான் குடத்துக்குள் போனது. சேரிக்கு ஏது குடம்? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892இல்தான் பஞ்சமி நிலம் வந்தது, பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கைமாறிப்போன அதை மீட்கக் கிளம்பியதற்குத்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

மண்ணை அள்ளிய பிறகு எதை மீட்பது?

உங்க ஊரில் குவாரி என்று பேச்சு வந்தால், தாலுகா ஆபீசில் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். அந்தச் சர்வே நம்பருக்கு எதிரே டி.சி. நிலம் என்று இருக்கிறதா பார்த்து எழுதி அனுப்புங்கள், தோழர்களே. அடுத்த இதழில் போடுவோம்.