தண்ணீரின் ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது

கடலோர உடன்குடி வட்டாரக் குளங்களில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் பாயும் என்று கேட்டால் நீர்வளத்துறையிடம் பதில் உண்டு. அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, எந்த மீன் வாழ்கிறது, எது மறைந்தது என்று கேட்டால், ஊர் மக்கள் எடுத்துப் படிக்கும்படி ஒரு தாள் இல்லை. பருவந்தோறும் அளந்து வெளியிட்டிருக்க வேண்டிய இந்தக் கணக்கை நீர்வளத்துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட நிர்வாகமும் ஒருவர் தலையில் மற்றவர் கட்டிவிட்டு ஒதுங்குவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இது வெறும் காகிதக் குறை அல்ல. இந்த வட்டாரத் தேரிக்காட்டின் செம்மணல் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துத் தாழ்வான இடங்களில் தருவைகளாகத் தேக்குகிறது. வைரவம்தருவை, புத்தன்தருவை போன்றவை அப்படி உருவானவை. சடையநேரிக் கால்வாய் தாமிரபரணியின் மிகைநீரைக் கொண்டுவருகிறது. இந்த நன்னீர் நிலத்துக்குள் இறங்கி அழுத்துவதால்தான் கடல்நீர் உள்ளே ஏறாமல் நிற்கிறது. குளம் கெட்டால் கிணறு உவராகும், தென்னை காயும், முருங்கை வாடும், கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற இந்த மண்ணில் குடிதண்ணீரையும் விலைக்கு வாங்கும் நிலை வரும். உப்பேறிய கிணறுகளைப் பற்றி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுவருகிறார்கள்.

தருவை போன்ற ஆழமில்லாத நீர்நிலையின் தரத்தை அளப்பதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவே உறிஞ்சும். ஆகவே நண்பகலில் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாம் நலம் என்று சொல்லும். விடியலில் எடுத்த தண்ணீர் உண்மையைச் சொல்லும். ஆக்சிஜன் வற்றும்போது விராலும் தேளியும் மேலே வந்து காற்றை வாங்கிப் பிழைக்கும். கெண்டை செத்து மிதக்கும். கோடையில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு செறியும். மார்கழியில் இனித்த தண்ணீர் சித்திரையில் பயிரைக் கருக்கும். மீன்வளத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனாவது வேண்டும், பாசனநீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோமோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்திருக்கிறது. அளவுகோல் கையில் இருக்கிறது. குளத்தில் இறங்கி அளக்கும் மனம்தான் இல்லை.

இதற்கிடையே இந்த வட்டாரத்தின் கல்லாமொழியில் தலா 660 மெகாவாட் திறன்கொண்ட இரண்டு அலகுகளுடன் அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் ஆய்வுக்குப் பெரும்பாலும் மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத் தரவே கேட்கப்படுகிறது. மழையில் பிறந்து கோடையில் வற்றும் தருவையைப் பங்குனியில் போய்ப் பார்ப்பவருக்கு வெறும் தரைதான் தெரியும். நாளை சாம்பலோ கழிவோ கலந்தது என்று ஊர் முறையிட்டால், முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று எங்கே என்று அதே அலுவலகங்கள் கேட்கும். அந்தச் சான்றை இன்று எழுதிவைக்காத குற்றம் யாருடையது?

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை விலக்கிவிட்டன. ஆனால் தருவைகள் இயற்கையின் படைப்பு. அவற்றைக் கைவிட இந்த விலக்கைக் காரணம் காட்ட முடியாது. இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,31,195 ஈரநிலங்களை வானிலிருந்து கணக்கிட்டுத் தந்துவிட்டது. அவற்றை நேரில் சரிபார்த்து எல்லை குறிக்க 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு மூன்று மாதம்தான் கொடுத்தது. இந்தப் பணியில் தருவைகளைச் சரிபார்க்கும் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று மாவட்ட நிர்வாகம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

பணமில்லை, ஆளில்லை என்ற சாக்கை ஏற்க மாட்டோம். ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்துடன் சேர்ந்து, தன்னார்வலர்கள் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தை மாதக் குளிரில் நின்று பறவைகளை எண்ணிவருகிறார்கள். கூந்தன்குளத்து மக்கள் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்துவந்த குளம், ராம்சார் எனும் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது. சம்பளம் வாங்காதவர்கள் செய்வதைச் சம்பளம் வாங்கும் துறைகள் செய்யாதிருப்பது வெட்கக்கேடு.

எனவே கோருகிறோம்: குளம் நிறைந்ததும், தை முடிவிலும், வற்றுவதற்கு முன்பும் என ஆண்டுக்கு மூன்று முறை, விடியல் நேரத்தையும் சேர்த்து, நீரை அளக்க வேண்டும். உப்பு, ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரேட், மலக்கிருமி ஆகியவற்றோடு மீன், நத்தை, தட்டானின் நீர்வாழ் இளம்பருவம், நீர்த்தாவரம், பறவை அனைத்தும் பதிவாக வேண்டும். உள்ளூர் மீனவரும் விவசாயியும் கல்லூரி மாணவரும் குழுவில் இடம்பெற வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கிராம சபையில் படிக்க வேண்டும். தருவைகளை ஈரநிலங்களாக அறிவிக்க வேண்டும். பாசனக் குளங்களுக்கும் அதே பாதுகாப்பைத் தரும் மாநில ஆணை பிறக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இந்த வேலைக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று மாவட்ட ஆட்சியர் பெயர் சொல்லி அறிவிக்கட்டும். முதல் அறிக்கை வரும் தை மாதக் கிராம சபையில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.