ஏட்டில் ஏறாத வீரம்

லூயிஸியானா மாகாணத்திலுள்ள அமெரிக்க ராணுவத் தளம் ஒன்றுக்கு 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ‘போர்ட் ஜான்ஸன்’ என்று பெயர் சூட்டினார்கள். இரண்டே வருஷங்களில், 2025-ல், அந்தப் பெயரை எடுத்துவிட்டு, பழைய ‘போர்ட் போல்க்’ என்ற பெயரையே திரும்பவும் வைத்துவிட்டார்கள். முன்பு அந்தப் பெயர் உள்நாட்டு யுத்தத்தில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாகாணங்களின் தளபதி ஒருவரைக் குறித்தது. இப்போது குறிப்பது இரண்டாவது உலக யுத்தத்தில் போர் புரிந்த வேறொரு போல்க் என்று சமாதானம் சொல்லப்படுகிறது. பெயர்ப் பலகைகளை மாட்டுவதும் கழற்றுவதும் அந்நாட்டாரின் விவகாரம். கட்சிக் காற்று அடிக்கும் திசையில் பலகைகள் திரும்புவது எந்தத் தேசத்துக்கும் புதிதன்று. ஆனால், யாருடைய பெயர் வைக்கப்பட்டு எடுக்கப்பட்டதோ, அந்த ஹென்றி ஜான்ஸனுடைய வீரம் ராணுவ ஏட்டில் முறைப்படி ஏறுவதற்கு 97 வருஷங்கள் ஏன் பிடித்தன என்பது, சிப்பாய்களை வைத்திருக்கும் எல்லாத் தேசத்தாரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜான்ஸன் நியூயார்க் மாகாணத்து ஆல்பனி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர்; கருநிற அமெரிக்கர். முதல் உலக யுத்தத்தில் 369-வது காலாட்படையில் சேர்ந்தார். வெள்ளையரோடு தோளுரசிப் போர் செய்யத் தகாதவர்கள் என்று கருதப்பட்ட அந்தப் படையினரை அமெரிக்கத் தலைமை பிரெஞ்சு ராணுவத்தின் வசம் ஒப்படைத்தது. 1918-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி இரவு, ஆர்கான் காட்டின் ஓரத்தில் ஜான்ஸனும் நீதம் ராபர்ட்ஸ் என்ற மற்றொரு சிப்பாயும் காவலில் இருந்தபோது, குறைந்தது பன்னிரண்டு ஜெர்மானியர் கொண்ட ஒரு கூட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. ராபர்ட்ஸ் காயமுற்று விழுந்தார். ஜான்ஸன் எறிகுண்டுகளை வீசினார், துப்பாக்கியால் சுட்டார், குண்டு தீர்ந்ததும் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார், கடைசியில் கையிலிருந்த கத்தியோடு எதிர்த்து நின்று, தோழரைப் பகைவர் இழுத்துச் செல்லாமல் மீட்டார். அவர் உடம்பில் 21 காயங்கள். பிரான்ஸ் தேசம் தாமதியாமல் தன் யுத்தச் சிலுவைப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அவருடைய சொந்தத் தேசமோ ஒன்றும் அளிக்கவில்லை.

ஜான்ஸன் 1929-ல் இறந்தார். அவர் ஏழைகளின் இடுகாட்டில் புதைக்கப்பட்டார் என்றே அவரைப் போற்றியவர்கள் எண்ணியிருந்தார்கள். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில், வில்லியம் ஹென்றி ஜான்ஸன் என்ற பெயரில், உரிய மரியாதையுடன் அவர் அடக்கம் செய்யப்பட்டிருந்தார் என்பது 2002-ல்தான் வெளியாயிற்று. யுத்தத்தில் காயமடைந்தவருக்குரிய ‘பர்ப்பிள் ஹார்ட்’ என்னும் ஊதா இருதயப் பதக்கம் 1996-ல் வந்தது. எல்லாவற்றிலும் மேலான ‘மெடல் ஆப் ஆனர்’ பதக்கத்துக்காக நடந்த முயற்சி, அதற்கு அடுத்த படியிலுள்ள பதக்கத்தோடு 2002-ல் நின்றுபோயிற்று. பிறகு செனட்டர் சூமரின் காரியாலயத்தார் பழைய ஏடுகளைத் துருவினார்கள். அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி பெர்ஷிங், சண்டை நடந்த சில நாட்களுக்குள்ளாகவே ஜான்ஸனுடைய செயலைப் பாராட்டி எழுதிய அறிக்கை கிடைத்தது. காலவரம்பு கடந்துவிட்டபடியால் அதைத் தளர்த்தக் காங்கிரஸ் தனியே ஒரு சட்டப் பிரிவு இயற்ற வேண்டியிருந்தது. 2015-ம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா பதக்கத்தை வழங்கினார். வாங்கிக் கொள்ள உறவினர் எவரும் இல்லை. நியூயார்க் தேசியக் காவற்படையின் உத்தியோகஸ்தர் ஒருவர் பெற்றுக் கொண்டார்.

இந்தச் சரித்திரத்தில் நெஞ்சை உறுத்துவது தாமதம் மட்டுமன்று. எந்த ஸர்க்கார் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டுக் கொண்டிருந்ததோ, அந்த ஸர்க்காரின் படைத் தலைவரே எழுதிய ஆதாரம் இருந்தது. தேடுவாரில்லாததால் இல்லாததாயிற்று. இன்று அமெரிக்காவில் பழைய சிப்பாய்கள் தங்கள் ஏடுகளைத் திருத்தக் கோரிப் படும் பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ராணுவ ஏட்டில் ஒரு பதக்கம் விடுபட்டால் என்ன மோசம் என்று சிலர் கேட்கலாம். சேவையிலிருந்து விலகும்போது அமெரிக்கச் சிப்பாய்க்கு ஒரு விடுதலைப் பத்திரம் கொடுக்கிறார்கள். 1950-ம் வருஷம் முதல் அதற்கு டி.டி. 214 என்று பெயர். எங்கே, எத்தனை காலம் சேவை செய்தான், என்னென்ன பதக்கம் பெற்றான் என்பதெல்லாம் அதில் உண்டு. வைத்திய உதவி, வீட்டுக் கடன், மயான மரியாதை முதலிய எதற்கும் அந்தக் காகிதத்தையே முதலில் கேட்பார்கள். ஊதா இருதயப் பதக்கம் பெற்றவனுக்கு ஸர்க்கார் வைத்தியசாலைகளில் முன்னுரிமை உண்டு. 1945-ல் ஐரோப்பிய யுத்தம் முடிந்தபோது, யார் முதலில் வீடு திரும்பலாம் என்பதை மதிப்பெண் போட்டுத் தீர்மானித்தார்கள். சேவை செய்த மாதம் ஒன்றுக்கு ஒன்று, கடல் கடந்து கழித்த மாதத்துக்கு மேலும் ஒன்று, பதக்கம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து. 85 பெற்றவன் கப்பலேறலாம். குமாஸ்தா ஒருவர் ஒரு பதக்கத்தை எழுத மறந்தால், ஒரு சிப்பாய் தன் குழந்தைகளின் முகத்தைக் காண்பது மாதக் கணக்கில் தள்ளிப் போயிற்று. பதக்கம் வெறும் அலங்காரப் பொருள் என்பவர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

பிழையைத் திருத்த வழியே இல்லையென்று நாம் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரு சிப்பாயின் ஏட்டைத் திருத்த வேண்டுமானால், அவனுக்கென்றே காங்கிரஸில் தனி மசோதா வர வேண்டும். செல்வாக்குள்ளவனுக்கு மசோதா வரும். இல்லாதவனுக்கு அநுதாபம் மட்டுமே வரும். 1946-ல் இயற்றிய சட்டம் இந்த முறையை ஒழித்து, ராணுவ ஏடுகளைத் திருத்தும் சபைகளுக்கு வழி செய்தது. ராணுவ உடை தரிக்காத சிவில் உத்தியோகஸ்தர்களே அச்சபைகளின் அங்கத்தினர்கள். கைத்தவறான பிழைகளை ஸெயின்ட் லூயிஸ் நகரத்து ஏட்டுக் காப்பகத்தின் மூலமாகவே சரிப்படுத்திக் கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட விவகாரங்கள் சபைக்குப் போகும். பிழை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. நியாயத்தை முன்னிட்டு அக்கெடுவை மன்னிக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. ராணுவம் தன் தவற்றைத் தானே ஒப்புக் கொள்வதற்கு வாசல் திறந்து வைத்திருப்பது பாராட்டத் தக்கதே.

ஆனால் வாசலைத் திறந்தவர்கள் படியை உயரமாகக் கட்டிவிட்டார்கள். நிர்வாகம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது என்ற அநுமானத்தோடுதான் தரைப்படைச் சபை ஒவ்வொரு மனுவையும் பார்க்கத் தொடங்குகிறது. தவறு நடந்தது என்று ருஜுப்பிக்கும் பாரம் மனுதாரனுடையது. தான் துப்பு விசாரிக்கும் ஸ்தாபனம் அன்று என்பதும் சபையின் விதிகளில் உண்டு. அதாவது, ஏட்டை எழுதியது ராணுவம், வைத்திருப்பது ராணுவம், தொலைத்தாலும் தொலைத்தது ராணுவம், ஆனால் அதில் இருக்க வேண்டியது இன்னதென்று காட்ட வேண்டியவன் மட்டும், பதுங்கு குழியில் ரத்தம் சிந்தியபோது கையில் காகிதமும் பேனாவும் இல்லாதிருந்த சிப்பாய்! 2016-ம் வருஷக் கடைசியில் சட்டத்தைத் திருத்தி, மனுதாரனால் ஏடுகளைக் கொண்டுவர முடியாவிட்டால் அவற்றைப் பெறச் சபை நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இது நல்ல அடியே. எனினும் பாரம் இடம் மாறவில்லை.

ஏடுகளைத் தொலைத்தது ராணுவம் என்று நாம் சொன்னது அணிக்காக அன்று. 1973-ம் வருஷம் ஜூலை மாதம் 12-ந் தேதி நள்ளிரவுக்குச் சற்றுப் பின், ஸெயின்ட் லூயிஸ் காப்பகத்தின் ஆறாவது மாடியில் தீப்பற்றியது. முழுவதும் அடங்க நாலரை நாட்கள் ஆயின. எரிந்தவை 1 கோடி 60 லக்ஷம் முதல் 1 கோடி 80 லக்ஷம் கட்டுகள். 1912-ம் வருஷம் நவம்பர் முதல் 1960-ம் வருஷத் தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விலகினவர்களின் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது சாம்பலாயின. ஆகாயப்படையின் ஒரு பகுதி ஏடுகளும் போயின. நகல் இல்லை, படம் பிடித்து வைக்கவுமில்லை, எந்தக் கட்டுகள் இருந்தன என்று சொல்லும் முழு ஜாபிதாவும் இல்லை. இரண்டு உலக யுத்தங்களிலும் கொரியாவிலும் போரிட்ட தலைமுறைகளின் எழுத்து அன்று புகையாயிற்று.

அதன் பிறகு காப்பகத்தார் சும்மா இருக்கவில்லை. நனைந்த கட்டுகளை உலர்த்தி லக்ஷக் கணக்கில் மீட்டார்கள். சம்பளச் சீட்டுகளையும் படைப்பிரிவுகளின் தினசரிக் குறிப்புகளையும் கொண்டு சேவை விவரங்களைத் திரும்பத் தொகுக்கிறார்கள். 1988-ல் விசேஷமான ஓர் உதவி கிடைத்தது. 1942 முதல் 1945 வரையிலும் 1950 முதல் 1954 வரையிலும் ராணுவ வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றிய சுமார் ஒரு கோடிப் பதிவுகள் அடங்கிய கணினி நாடாக்களைத் தேசிய விஞ்ஞான அகாடமி ஒப்படைத்தது. ஊதா இருதயப் பதக்கத்துக்குக் காயமும் வேண்டும், அக்காயத்துக்குச் சிகிச்சை நடந்த அத்தாட்சியும் வேண்டும். ஆகையால் அந்த நாடாக்கள் எத்தனையோ பேருக்கு மறுபடியும் வாய் கொடுத்தன. தேடினால் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாக்ஷி வேறென்ன?

இன்னொரு விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் காலாட்படைச் சமர் முத்திரையோ சமர்க்கள வைத்திய முத்திரையோ பெற்ற ஒவ்வொருவருக்கும் வெண்கல நட்சத்திரப் பதக்கம் உண்டென்று 1947-ல் தீர்மானித்தார்கள். நல்ல தீர்மானந்தான். ஆனால் கேட்டவர்களுக்கே கொடுப்பது என்று வைத்தார்கள்! அதற்குள் பெரும்பாலோர் படையை விட்டுக் கழனிக்கும் ஆலைக்கும் திரும்பிவிட்டார்கள். உரிமை பிறந்த செய்தியை அறியாமலே எத்தனை பேர் கண் மூடினார்களோ! முத்திரை பெற்றவர்களின் பெயர்கள் அன்று ஸர்க்காரின் கையிலேயே இருந்தன. கொடுக்க மனமிருந்தவர்களுக்குத் தேடிக் கொடுக்க மனமில்லை.

மறுபக்கத்தில் சொல்லப்படுவதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்லித் திரிபவர்கள் அமெரிக்காவில் உண்டு. அவர்களைத் தண்டிக்க 2006-ல் சட்டம் செய்தார்கள். பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளியது. பணம் முதலிய லாபம் கருதிச் சொல்லும் பொய்யை மட்டும் குற்றமாக்கி 2013-ல் வேறு சட்டம் வந்தது. பதக்கத்தை வாரி இறைத்ததும் உண்டு. உள்நாட்டு யுத்தத்தில் மெய்ன் மாகாணப் படையொன்றுக்கு மொத்தமாகக் கொடுத்தவற்றையும் சேர்த்து, 911 பேருடைய மெடல் ஆப் ஆனரை 1917-ல் ரத்துச் செய்தார்கள். ஆகவே ஜாக்கிரதை வேண்டியதே.

ஆனால் அந்த 911 பேரில் மேரி வாக்கர் என்ற வைத்தியப் பெண்மணியும் ஒருவர். யுத்தகளத்தில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்து, எதிரிகளிடம் சிறைப்பட்டவர். அந்தப் பதக்கத்தைப் பெற்ற ஒரே பெண். திருப்பிக் கொடுக்க மறுத்து, 1919-ல் சாகும் வரை அதை அணிந்திருந்தார். 1977-ல் ராணுவ ஏட்டுத் திருத்தம் அவருடைய உரிமையை மீட்டது. பொய்யனைத் தடுக்கப் போட்ட வேலி மெய்யனையும் வெளியே நிறுத்தும் என்பதற்கு அந்த அம்மையாரே உதாரணம்.

ஸர்க்கார் தானே தேட முன்வந்தபோது நடந்தது என்ன? இரண்டாவது உலக யுத்தத்தில் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட கருநிற அமெரிக்கர் சேவை செய்தும், ஒருவருக்கேனும் மெடல் ஆப் ஆனர் அப்போது கிடைக்கவில்லை. 1993-ல் ஆராய்ச்சி தொடங்கிற்று. 1997-ல் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். அப்போது உயிரோடிருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவரே. ஆசிய வம்சத்தாரைப் பற்றிய ஆராய்ச்சியின் பயனாக 2000-ல் இருபத்திரண்டு பேர் அதைப் பெற்றார்கள். யூதர், ஸ்பானிய வம்சத்தார் ஆகியோரின் ஏடுகளை ஆராய்ந்ததன் பேரில் 2014-ல் இருபத்துநான்கு பேர் பெற்றார்கள். அவர்களுள் நேரில் வந்து வாங்கிக்கொள்ள உயிரோடிருந்தவர் மூவர். வீரம் ஏட்டில் ஏறாமற் போனது குமாஸ்தாவின் கைத்தவறால் மட்டுமன்று. நிறம் பார்த்து, குலம் பார்த்து எழுதிய பேனாவினாலும் என்பது இதனால் தெளிவு. அந்தப் பேனா ஒழுங்காகவே எழுதிற்று என்று அநுமானித்துக் கொண்டு விசாரணையைத் தொடங்குவது எப்படி நியாயமாகும்?

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வியாதியன்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காக முதல் யுத்தத்தில் மடிந்தவர்களைப் பற்றிக் காமன்வெல்த் யுத்த மயானக் கமிஷன் 2021-ல் வெளியிட்ட அறிக்கை நம் கவனத்துக்கு உரியது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் சமமான முறையில் நினைவுகூரப்படவில்லை. 1,16,000-க்குக் குறையாமல், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ, அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று அக்கமிஷனே ஒப்புக் கொண்டது. அழைக்கும்போது பெயரைத் தவறாமல் எழுதிக் கொள்கிறார்கள். மடிந்த பிறகு எழுத மறந்து விடுகிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன? ஏடு ஸர்க்காரின் காவலில் அழிந்ததென்றால், அநுமானம் சிப்பாயின் பக்கம் சாய வேண்டும். மறுக்கும் பாரம் ஸர்க்காருடையதாக வேண்டும். ஒரு சிப்பாய் காட்டும் சான்று அதே படைப்பிரிவின் மற்றவர்களுக்கும் பொருந்துமானால், ஒவ்வொருவரும் வந்து கதவைத் தட்டும்வரை காத்திராமல், எல்லாருடைய ஏட்டையும் ஒரே முறையில் திருத்த வேண்டும். இதற்குப் புதிய கஜானா வேண்டியதில்லை. தேடும் மனமே வேண்டும். காலமும் மிகவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் சேவை செய்த சுமார் ஒரு கோடி அறுபது லக்ஷம் அமெரிக்கரில் இன்று உயிரோடிருப்பவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

படையில் சேரும்போது, ‘நீ இந்தத் தேசத்தின்மீது பக்தியுள்ளவன் என்பதற்கு ஆதாரம் எங்கே?’ என்று எந்தச் சிப்பாயையும் கேட்டதில்லை. வந்து நின்ற உடம்பே ஆதாரமாயிருந்தது. அந்த உடம்பு பட்ட காயத்துக்கு மட்டும், காகிதத்தைக் காவல் காக்கத் தவறியவர்கள் காகிதம் கேட்பது தர்மமாகாது.