பெட்டி வாங்காதீர்கள், சாலிடரிங் அயர்னை எடுங்கள்!

ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்ததும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாக்கெட் ரேடியோ செய்து பார்க்க ஆசை. எந்த மோடம் வாங்கலாம்?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். எதையும் வாங்காதீர்கள். மோடம் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதை வயர்லெஸ் செட்டுடன் இணைக்கும் சிறிய சர்க்யூட்டை மட்டும் நீங்களே சாலிடர் செய்யுங்கள்.

பாக்கெட் ரேடியோ என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கம்ப்யூட்டரில் நீங்கள் டைப் செய்யும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, அனுப்புபவர், பெறுபவர் இருவரின் அழைப்புக் குறிகளுடன் ரேடியோ அலையில் ஏறிப் போகிறது. இண்டர்நெட் வேண்டாம், டெலிபோன் லைன் வேண்டாம், செல்போன் டவரும் வேண்டாம். இதற்கான விதிமுறைக்கு ஏஎக்ஸ்.25 என்று பெயர். அதன் இரண்டாம் பதிப்பு 1984ல் வந்தது. விஎச்எப் அலைவரிசையில் வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் மாறி மாறிப் போகும், அவ்வளவுதான். பிராட்பேண்ட் வைத்திருப்பவருக்கு இந்த வேகம் சிரிப்பை வரவழைக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

1980களில் இந்த வேலைக்கு டெர்மினல் நோட் கண்ட்ரோலர், சுருக்கமாக டிஎன்சி, என்ற தனிப் பெட்டி அவசியமாக இருந்தது. அமெரிக்காவின் டக்சன் நகர ஹாம்கள் வடிவமைத்த டிஎன்சி-2வில் இசட்80 பிராசஸர் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒலியைப் பிரித்தறிய தனி ஐசி, ஒலியை உருவாக்க இன்னொரு ஐசி. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த வேலையைச் செய்யும் சக்தி அன்று இல்லை, அதனால் பெட்டி தேவைப்பட்டது. இன்று ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்க போர்டுகூட இதைத் தூக்கத்திலேயே செய்யும். ஜான் லாங்னர் எழுதிய டயர் வுல்ஃப் என்ற இலவச சாஃப்ட்வேர் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. சவுண்ட் கார்டுக்கு வரும் ஒலியைக் கேட்டு, பொட்டலத்தைப் பிரித்து, திரையில் எழுத்தாகக் காட்டிவிடும். ஒரே ஒலியை ஒன்றுக்கு மேற்பட்ட டீகோடர்களிடம் ஒரே நேரத்தில் கொடுத்து, எது சரியாகப் படிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளவும் அதில் வசதி உண்டு. பழைய பெட்டிக்கு இருந்தது ஒரே ஒரு காது.

"கடையில் வாங்கிய பெட்டி என்றால் நம்பகமாக இருக்குமே" என்று சிலர் சொல்வார்கள். நம்பகம் என்பது எப்போது தேவைப்படுகிறது என்று யோசியுங்கள். 2004 டிசம்பர் 26ல் சுனாமி தாக்கியபோது, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு தற்செயலாக போர்ட் பிளேரில் இருந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த முகாம் ஒரே நாளில் அவசரத் தகவல் நிலையமாக மாறியது.

இப்படிப்பட்ட நேரத்தில் 50 பேரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயருக்கு ஊரோடு சேர்த்து 30 எழுத்து என்றால் மொத்தம் 1500 எழுத்துகள். தவறு நேராதிருக்க எழுத்து எழுத்தாகக் குரலில் சொன்னால், நொடிக்கு ஒன்று என்றாலும் 25 நிமிடம் ஆகும். அப்படிச் சொல்லியும் ஒரு எழுத்து மாறினால் யாருக்கும் தெரியாது. சிரிப்பை வரவழைத்த அதே 1200 பிட் வேகத்தில் இந்தப் பட்டியல் போக, தலைப்பு, காத்திருப்பு எல்லாம் சேர்த்தாலும் அரை நிமிடம் போதும். ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் இருக்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் பொட்டலம் ஏற்கப்படாது. கனெக்ட் செய்த நிலையில் அது தானாகவே மீண்டும் கேட்டு வாங்கப்படும். யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது, யாருடையது இல்லை என்று ஒரு குடும்பம் காத்திருக்கும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல.

அந்த நேரத்தில் பெட்டி மக்கர் செய்தால்? திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. நீங்கள் சாலிடர் செய்த சர்க்யூட் என்றால் எந்த வயர் எங்கே போகிறது என்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்கூடத் தெரியும்.

அந்த சர்க்யூட்டில் என்னதான் இருக்கிறது? கம்ப்யூட்டரில் இருந்து செட்டுக்கு ஒரு ஒலிப் பாதை, செட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஒன்று, பேசும் பொத்தானை அழுத்த ஒரு ஸ்விட்ச். ஒலிப் பாதைகள் இரண்டிலும் 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்பார்மர் போட்டால், செட்டும் கம்ப்யூட்டரும் மின்சார ரீதியாகப் பிரிந்து நிற்கும், ஹம் இரைச்சல் வராது. பரணில் கிடக்கும் பழைய டயல்-அப் மோடம் கார்டைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் இந்த டிரான்ஸ்பார்மர் இருக்கும். (அதைத் தூக்கிப் போடாதே என்று சொன்ன உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நன்றி சொல்லுங்கள்.) மைக் முனைகளில் டிசி வோல்டேஜ் இருக்கும், ஆகவே டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் மறக்காதீர்கள். ஸ்விட்ச் வேலைக்கு யுஎஸ்பியை 9 பின் சீரியலாக மாற்றும் கன்வெர்ட்டரின் ஆர்டிஎஸ் பின், ஒரு ரெசிஸ்டர், ஒரு ஆப்டோகப்ளர், எதிர் வோல்டேஜில் இருந்து அதைக் காக்க ஒரு டயோடு. புது லேப்டாப்களில் தனி மைக் துளை இருப்பதில்லை. விலை குறைந்த யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும். விண்டோஸின் வழக்கமான ஒலிகளை அந்தக் கார்டுக்கு மட்டும் விடாதீர்கள். விட்டால், மெயில் வந்த 'டிங்' சத்தத்தை ஊரே கேட்கும்.

பாதிப் பேர் தோற்பது சர்க்யூட்டில் அல்ல, ஒலி அளவில். நானும் இரண்டு மாலைப்பொழுதுகளை சாஃப்ட்வேரைத் திட்டியே வீணாக்கியிருக்கிறேன். குற்றவாளி வால்யூம் கண்ட்ரோல்தான். சவுண்ட் கார்டின் அவுட்புட் ஒரு வோல்ட் அளவில் வரும், செட்டின் மைக்குக்கு சில மில்லிவோல்ட் போதும். இடையில் ஒரு பிரிசெட் வைத்துக் குறைக்காவிட்டால் அலை சிதைந்து எவருக்கும் புரியாது. 'சத்தமாக அனுப்பினால் தூரம் போகும்' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெறும் பக்கத்தில் டயர் வுல்ஃப் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒலி அளவை எண்ணாகக் காட்டும். அது 50 அருகில் இருந்தால் நல்லது. மைக் பகுதியில் விண்டோஸ் செய்யும் இரைச்சல் நீக்கம், தானியங்கி அளவு மாற்றம் எல்லாவற்றையும் அணையுங்கள். மனிதக் குரலுக்கு நல்லது செய்யும் அவை மோடம் ஒலியைக் கெடுத்துவிடும். பொத்தான் அழுத்தியதும் உடனே டேட்டாவைத் தள்ளாமல், செட் முழுதாக விழித்துக்கொள்ள நேரம் கொடுக்கும் டிஎக்ஸ்டிலே என்ற அமைப்பும் உண்டு. 30 என்றால் 300 மில்லிசெகண்ட். மலிவான கைச்செட்டுகளுக்கு இன்னும் கூட்ட வேண்டிவரலாம்.

பெட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலை உச்சியில் சோலார் பேனலை நம்பி ஆளில்லாமல் ஓடும் ரிப்பீட்டருக்கு, துளி மின்சாரத்தில் வேலை செய்யும் தனி டிஎன்சி சரியான தேர்வு. வீட்டு மேஜைக்கு அது தேவையில்லை.

லைசென்ஸ் இல்லாதவர்கள் டிரான்ஸ்மிட் பொத்தானைத் தொட வேண்டாம், அது சட்டப்படி குற்றம். ஆனால் செட்டே இல்லாமல் இன்றிரவே தொடங்கலாம். டயர் வுல்ஃபுடன் ஜென்பாக்கெட்ஸ், ஏடெஸ்ட் என்று இரண்டு குட்டி புரோகிராம்கள் வருகின்றன. முதலாவது உங்கள் செய்தியை மோடம் ஒலியாக்கி வேவ் பைலில் பதியும், இரண்டாவது அதைப் படித்துக் காட்டும். பைலில் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலைக் கலந்து, எந்த அளவில் பொட்டலங்கள் விழத் தொடங்குகின்றன என்று பாருங்கள். பிறகு அதே பைலை ஒரு கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் ஓட்டி, பக்கத்து அறைக் கம்ப்யூட்டரின் மைக்கில் பிடிக்க முயலுங்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும்.