புடுங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?

நேற்று காலை ஆறரை மணிக்கு போன். “சார், லைன் போச்சு. மூணு வாட்டி புடுங்கி மாட்டிட்டேன், வரவே மாட்டேங்குது.”

ஆம்பூர்ப் பக்கம் தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் மீட்டர், கேமரா, ரௌட்டர் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. ‘புடுங்கி மாட்டிட்டேன்’ என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வீட்டு வைஃபை பெட்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் புடுங்கலாம். சீரியலில் இரண்டு நிமிடம் போகும், அவ்வளவுதான். பேனலுக்குள் இருக்கும் ரௌட்டர் அப்படியா? ஃப்ளோ மீட்டர் கணக்கு, பி.எச். அளவு, கேமராப் படம் எல்லாம் அதன் வழியாகத்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகின்றன. அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் இப்படி நேரலையில் அளவு காட்ட வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. அந்தப் பதினேழில் தோல் பதனிடுதலும் ஒன்று.

போய்ப் பேனலைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறோம் அல்லவா? அந்தக் கழிவிலிருந்து கிளம்பும் வாயு தாமிரத்தைத் தின்றுவிடும். ரௌட்டருக்குக் கரண்ட் போகும் ஒயரின் முனை கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. அரை அங்குலம் வெட்டி, புது முனை போட்டு முறுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. இதற்கா மூன்று முறை புடுங்கினார்கள்?

அதோடு போகவில்லை. லைன் அறுந்தால் பக்கத்திலிருக்கும் டேட்டா லாகர் அளவுகளைத் தன்னிடமே சேர்த்து வைத்து, லைன் வந்ததும் அனுப்பிவிடும். நம்மாள் பேனலின் மெயின் சுவிட்சையே அணைத்திருக்கிறார். லாகரும் சேர்ந்து படுத்துவிட்டது. லைன் போனதால் ஒன்றும் கெடவில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று அணைத்த நேரத்தின் அளவுதான் நிரந்தரமாகப் போய்விட்டது. போன வாரம் நான் மாற்றிய செட்டிங்கும் காணோம். சேமிக்காமல் வந்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

“இன்னா சார், ஒரு அரை மணி நேரம்தானே?” என்கிறார். வேறு ஊரென்றால் அரை மணிதான். தோல் கழிவால் பாலாறு கெட்ட கதையை வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய், 1996இல் ‘மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும்’ என்று தீர்ப்பு வாங்கிய பகுதி இது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பிரச்சினைக்காக மறுபடி கண்டித்தது. இந்த மண்ணில் கிராஃப் நடுவே ஒரு பள்ளம் விழுந்தால், ஒயர் கறுத்தது என்று எவர் நம்புவார்? ‘ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டிருப்பான்’ என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது; பட்டவர்கள்.

இத்தனைக்கும் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் விளக்குகளைப் பார். ஒயர், சிம், ஆன்டெனாவைத் தொட்டுப் பார். செட்டிங்கைச் சேமி, ஒரு நகல் எடு. கன்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டு, நேரத்தை நோட்டில் எழுது. சாஃப்ட்வேர் அப்டேட் ஓடும்போது தொடவே தொடாதே, பெட்டி செத்துவிடும். முடிந்தால் ஸ்கிரீனிலிருந்தே ரீஸ்டார்ட் கொடு. முடியாவிட்டால் ரௌட்டரை மட்டும் அணை, முப்பது விநாடி பொறு, போடு, ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில். எழுந்ததும் தேதியைப் பார். சில பெட்டிகள் 1970ஆம் ஆண்டுக்கே திரும்பிப் போய்விடும். கடைசியாக, அளவு போய்ச் சேர்ந்ததா என்று கேள்.

இதை எழுதிப் பேனல் கதவில் ஒட்டியிருந்தேன். அதன் மேல் யாரோ ஆயுத பூஜைக்குச் சந்தனம் தடவிவிட்டார்கள், எழுத்தே தெரியவில்லை. யு.பி.எஸ். பேட்டரி மாற்றச் சொல்லிக் கொடுத்த கடிதமும் அலுவலக மேசையில்தான் கிடக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்தப் பத்து விநாடியில் தினமும் ரௌட்டர் ஒருமுறை விழுந்து எழுகிறது.

முதலாளிமாரே, ஒரு பேட்டரி வாங்கிக் கொடுங்கள். தம்பிகளே, புடுங்குவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். நள்ளிரவு என்றாலும் எடுக்கிறேன்.