தேர்வு வேறு, வீடு வேறு

அமெரிக்காவில், விற்பனைக்கு வரும் வீட்டின் நிலையைச் சோதிக்கும் வீட்டு ஆய்வாளராக விரும்புவோரிடம் சொல்லப்படுவது இது: தேர்வில் தேறினால் போதும், ஆகவே மலிவான இணைய வகுப்பில் சேர். தவறு.

ஒன்று: உரிமம் தருவது மாநிலம். நியூயார்க் 140 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. அதில் 40 மணி நேரம் களத்தில், உரிமம் பெற்ற ஆய்வாளரின் நேரடிக் கண்காணிப்பில். இணைய வகுப்பு அதை எப்படி ஈடுகட்டும்? கலிஃபோர்னியாவிலோ உரிமமே கிடையாது. அங்கே பயிற்சியின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

இரண்டு: தேர்வு, சரியான விடையைக் குறிக்கச் சொல்கிறது. விரிசல் பூச்சோடு நிற்கிறதா, அடித்தளம் வரை போகிறதா என்று கண்டறிய அது கற்பிக்குமா? உங்கள் அறிக்கையை நம்பி ஒரு குடும்பம் 30 ஆண்டுக் கடனில் கையெழுத்திடுகிறது.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: என் மாநிலம் இந்த வகுப்பை ஏற்றிருக்கிறதா? எத்தனை வீடுகளுக்கு அழைத்துப் போவீர்கள்? என் அறிக்கையைத் திருத்துவது யார்? பதிலில் மழுப்பல் தெரிந்தால் சேராதீர்கள்.