பென்சில் கோடு

"ராஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன?" என்று 1945-ல் தம் கட்டுரை ஒன்றுக்குத் தலைப்பு வைத்தார், அமெரிக்க விமரிசகர் எட்மண்ட் வில்ஸன். ஆக்ராய்ட், அகதா கிறிஸ்டியின் 1926-ஆம் வருஷத்து நாவலில் கொலையுண்டவர். யாருக்கென்னவோ, எனக்கு அக்கறை உண்டு. அந்த நாவல் பினாங்கில் ஒரு சிநேகிதர், கொழும்பில் ஒரு சிநேகிதர் என்று கைமாறி, சென்னைக்கு என்னிடம் வந்தது. பிரித்தால், ஒரு பெயரின் கீழே பென்சில் கோடு, ஓரத்தில், "ஆசாமி இதுதான்!"

முடிவு தெரிந்தாலும் ருசிப்பதுதான் நல்ல நாவல் என்று வாதிப்பார்கள். வாஸ்தவம். அந்த இரண்டாவது ருசியை நானே தேடிக்கொள்வேன், ஸ்வாமி! முதல் ருசி ஆயுளில் ஒரு தரம்தான். அதைப் பறிக்க யாருக்கு உரிமை?

லண்டனில் 1952-ல் தொடங்கிய கிறிஸ்டியின் 'மௌஸ்ட்ராப்' நாடகம் முடிந்ததும், கொலையாளி யார் என்று வெளியே சொல்லாதீர்கள் என்று சபையோரைக் கேட்டுக்கொள்வது வழக்கம். பல தேசத்தாரும் பார்த்துவிட்டு, பெரும்பாலும் வாய் திறவாமலே ஊர் திரும்புகிறார்கள். முன்பின் அறியாதவர்களுக்குள் இருக்கும் நாணயம் சிநேகிதர்களுக்குள் வேண்டாமா?

புஸ்தகத்தை இரவல் கொடுப்பவர் காகிதத்தை மட்டும் கொடுப்பதில்லை. ரகசியத்தையும் நம்பி ஒப்படைக்கிறார். அடுத்தபடி அதற்குக் காத்திருப்பவர் சிங்கப்பூரில் இருக்கிறார். ரப்பரால் நன்றாக அழித்துவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன்.